பக்கத்து வீட்டுத் தபசு காலம்

எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர்களுக்குச் சாம்பல் என்றால் பாத்திரம் தேய்க்கிற பொருள், அவ்வளவுதான். அதை நெற்றியில் வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு நாள் தெருவில் நடந்துபோகிற ஆர்.சி. கத்தோலிக்கர்களைப் பார்த்து என் அப்பா தலையில் அடித்துக்கொள்வார். மனந்திரும்புதல் உள்ளே நடக்கிற காரியம், அதற்கு எதற்கு நெற்றியில் விளம்பரம் என்பார். நானும் அதையே சொல்லி வளர்ந்தவள். புதுச்சேரியில் சாரம் பகுதியில் வீட்டோடு சேர்ந்தாற்போல மருந்துக்கடை போட்டு, தலை பாதி நரைக்கிறவரைக்கும், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

அந்த உறுதி கலைந்ததற்குப் பெரிய தரிசனம் எதுவும் காரணமில்லை. முந்தின வருடம் அம்மா போய்விட்டாள். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு சபையில் வழக்கம்போல டிரம்ஸும் கீபோர்டும் அதிர்ந்தன. எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள், நானும் தட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் எங்கள் சபையில் வருத்தமாக இருப்பதற்கென்று ஒரு நாள் கிடையாது. வருத்தமாக இருந்தால் விசுவாசம் போதவில்லை என்று ஜெபித்துவிடுவார்கள். பல மாதம் கழித்து ஒரு மத்தியானம், கடையில் யாருக்கோ காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாத்திரைக் கவரில் எழுதிக்கொண்டிருந்தபோது, அழுவதற்கும் இப்படி யாராவது வேளை குறித்துக் கொடுத்தால் தேவலை என்று தோன்றியது. அப்படிக் குறித்துக் கொடுக்கிறவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கமே இருந்தார்கள்.

அந்தப் பக்கம் இருப்பவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட நன்றாகவே மூத்தவர். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அவர் இறந்து, மகனும் பிரான்சிலேயே குடியேறிவிட்டதால் அக்கா தனியாக இருந்தார். என்னிடம் மாத்திரை வாங்கினால் நன்றிக்குப் பிரெஞ்சில் ஒரு மெர்சி சொல்லாமல் போகமாட்டார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பை அவர் தபசு காலம் என்பார். அது வந்துவிட்டால் அவர் வீட்டில் டிவி சத்தம் நின்றுபோகும். வெள்ளிக்கிழமை கறி கிடையாது, சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை ஜெபம், திரும்பி வந்து கஞ்சி. வருடக்கணக்காக மதில் வழியே இந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு, பாவம் இவர்களுக்குச் சத்தியம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அந்த டிசம்பரில் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ரத்தம் ரொம்பக் கம்மி. இரும்புச் சத்து மாத்திரை என் கடையிலிருந்துதான் போயிற்று. அதோடு ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், முடிந்தபோதெல்லாம் வாங்கிச் சாப்பிடச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வருடம் உங்களுக்கு நோன்பும் வேண்டாம், வெள்ளிக்கிழமைக் கட்டுப்பாடும் வேண்டாம், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்று அவர்களுடைய பங்குச் சாமியாரும் சொல்லிவிட்டார். இவ்வளவையும் என் கடை மேடையில் கையை ஊன்றிக்கொண்டு அக்காவே என்னிடம் சொன்னார். பிறகு நான் செய்ததைத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

தபசு காலம் நெருங்கியபோது, உங்களோடு நானும் கோயிலுக்கு வரட்டுமா என்று அவரைக் கேட்டேன். கேட்கும்போதே காது சுட்டது. ஏதோ கடனுக்கு மாத்திரை கேட்க வந்தவள் மாதிரி நின்றேன். அக்கா ஆச்சரியப்படவும் இல்லை, காரணம் கேட்கவும் இல்லை. வெள்ளைப் புடவை வேண்டாம், சாம்பல் ஒட்டும் என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர்தான் முகத்தைச் சுளித்தார். சபையில் யாராவது பார்த்தால் என்ன சொல்வாய் என்றார். கர்சீப் கொண்டுபோகிறேன், வரும்போது துடைத்துக்கொள்கிறேன் என்றேன். அதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இல்லை அப்போது.

தபசு காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று காலைப் பூசை. போன வருடத்துக் குருத்தோலைகளை எரித்துத்தான் அந்தச் சாம்பலைச் செய்கிறார்கள் என்று அக்கா வழியில் சொன்னார். வரிசையில் போய் நின்றேன். சாமியார் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டபோது, மூக்கின் மேல் இரண்டு துகள் உதிர்ந்தன. திரும்பி வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்காக நான் சரியாக அழுதது அன்றுதான். சுற்றி இருந்த யாரும் என்னைத் தேற்ற வரவில்லை, யாரும் என் தலையில் கைவைத்து ஜெபிக்கவில்லை. அது அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியில் புத்தி மழுங்கிவிட்டது போலும். கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் மறுபடி வரிசையில் போனார்கள். அது நற்கருணை, அதாவது இயேசுவின் உடலென்று அவர்கள் நம்புகிற அப்பம், வாங்குகிற வரிசை. சாம்பல் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், நற்கருணை அவர்கள் சபையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். எனக்கு அது தெரியாது. அக்கா நிற்கமுடியாமல் பின்னால் தூணோரம் உட்கார்ந்திருந்தார், தடுக்க ஆள் இல்லை. நான் பாட்டுக்குப் போய் இரண்டு கையையும் நீட்டினேன். சாமியார் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். ஆமென் சொல்லி, அதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்துவந்து என் இடத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து காத்திருந்தேன்.

எங்கள் சபையில் அப்படித்தான். அப்பம் தட்டில் வரும், ஆளுக்கொரு துண்டு எடுத்துக் கையில் வைத்துக்கொள்வோம். கடைசி வரிசைக் கிழவிவரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகு பாஸ்டர் ஒரு வார்த்தை சொல்வார், எல்லாரும் சேர்ந்து வாயில் போடுவோம். முந்திக்கொண்டு தின்கிற பிள்ளைக்குத் தொடையில் ஒரு கிள்ளு விழும். அதனால் நான் ரொம்ப மரியாதையாக நடந்துகொள்வதாகத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோயில்பிள்ளை என் பின்னாலேயே வந்திருக்கிறார். கோயில் வேலைகளைப் பார்க்கிறவர், வயதானவர், குரல் மட்டும் வயதாகவில்லை. நற்கருணையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே எடுத்துப்போகிறீர்கள், நீங்கள் எந்தப் பங்குக் கோயில், உங்கள் சாமியார் யார் என்று கேட்டார். முன் வரிசைகள் எல்லாம் திரும்பின. அதை யாரோ திருடிக்கொண்டு போய் ஏதாவது செய்துவிடுவார்கள் என்கிற பயம் அவர்களுக்கு உண்டு என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். கடையில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், கையில் அந்த மெல்லிசு அப்பத்தை ஏந்திக்கொண்டு மலங்க மலங்க விழித்தேன்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணோரத்திலிருந்து எழுந்து வந்தார்.

"எங்க வூட்டுப் பொண்ணுதாங்க. பழக்கமில்ல, நாந்தான் சொல்லிக்குடுக்காம உட்டுட்டேன்" என்று அவரிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, "வாயில போட்டுக்கம்மா, முதல்ல வாயில போடு" என்றார்.

போட்டுக்கொண்டேன். பூசை முடிந்ததும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு சபைக்காரர்களை அழைத்து வந்தால் முறை சொல்லி அழைத்து வரவேண்டாமா என்று இரண்டு பேர் கடிந்துகொண்டார்கள். நான் செருப்புப் போடுகிற இடத்தில் தலையைக் குனிந்து நின்றேன். ஆட்டோவில் வரும்போது அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஏன் சாப்பிடாமல் வைத்திருந்தாய் என்று மட்டும் கேட்டார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். எல்லாருக்கும் வரும்வரைக்கும் காத்திருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நான் கர்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கடையைத் திறந்தேன்.

அவமானம் சிலரை அடக்கும். என்னை அது கிளப்பிவிட்டது. இவர்களுடைய நோன்பை இவர்களைவிடச் சுத்தமாக இருந்து காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு வந்தது. போனில் தேடித் தேடிப் படித்தேன். அவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும் கறியை விட்டால் நான் நாற்பது நாளும் விட்டேன். மீன், முட்டை, காபி, பூ, சீரியல் எல்லாம் போயிற்று. வீட்டுக்காரருக்குச் சமைத்துப் போட்டேன், உப்பு பார்க்கக்கூட நாக்கில் வைக்கவில்லை. வாரா வாரம் சிலுவைப் பாதைக்குப் போனேன். நற்கருணை வரிசைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை. கோயில்பிள்ளைகூட என்னைப் பார்த்துத் தலையாட்ட ஆரம்பித்தார். அந்தத் தலையாட்டலுக்காக நான் எவ்வளவு நேராக முட்டிபோட்டிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. அன்பியக் கூட்டம் என்று தெருத் தெருவாகக் கூடி ஜெபிப்பார்களே, அதற்காக நாலைந்து பெண்கள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தார்கள். நானும் போயிருந்தேன். உள்ளேயிருந்து மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கிய சுவரொட்டியின் வாசனை வந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாகக் கறி தின்னாத என் வாயில் எச்சில் ஊறியது. உண்மை அதுதான். அந்த எரிச்சலை நான் பக்தி என்று நினைத்துக்கொண்டேன். அக்கா கதவைத் திறந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"என்னாக்கா, வெள்ளிக்கிழம அதுவுமா வாசன ஊரத் தூக்குது? அல்லேலூயாக்காரி நானே விட்டுட்டேன்."

பெண்கள் சிரித்தார்கள். கேலியாகத்தான் சிரித்தார்கள், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அக்காவும் சிரித்தார். டாக்டர் சொன்னதையோ சாமியார் சொன்னதையோ அவர் எடுத்துச் சொல்லவில்லை. கர்ப்பப்பை எடுத்த கதையை வாசலில் நின்று சொல்லவும் முடியாது. அது தெரிந்த ஒரே ஆள் நான். நான் சொல்லியிருக்கலாம். கோயிலில் அவர் எனக்காக எழுந்து வந்த மாதிரி, ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் நின்றேன்.

அதற்கப்புறம் மதிலைத் தாண்டி அந்த வாசனை வரவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்து, பரவாயில்லையே, என்னைப் பார்த்து அக்காவும் திருந்திவிட்டாரே என்று நினைத்தேன். இதைவிடக் கேவலமாக நான் எதையும் நினைத்ததில்லை. அவர் மாத்திரை வாங்க வருவதும் நின்றுபோயிருந்தது. மருந்துக்கடைக்காரிக்கு அதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளி, சிலுவைப் பாதையில் அக்கா விழுந்தார். பதினான்கு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் முட்டிபோட்டு எழவேண்டும். ஏதோ ஒரு நிலையில் எல்லாரும் எழுந்தோம், அக்கா எழவில்லை. எந்த நிலை என்று எனக்கு ஞாபகமில்லை, ஞாபகம் இருந்திருந்தால் அதையும் ஒரு பாடமாக்கிச் சபையில் சாட்சி சொல்லியிருப்பேன். கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளையாக இருந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ரத்தம் ஏற்றினார்கள். இவ்வளவு குறைகிறவரைக்கும் வீட்டில் யாரும் பார்க்கவில்லையா என்று அந்த டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். அக்கா என்னை வீட்டுப் பெண் என்று சொல்லி வைத்திருந்தார். மகன் பிரான்சிலிருந்து வீடியோவில் வந்து, நீங்கள் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில்தான் நான் இங்கே இருக்கிறேன் என்றான். நான் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்த பிறகு, ஏன் மருந்தையும் சேர்த்து நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். கோபமாகக் கேட்டேன். என் கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"நீ புதுசா வந்தவ, நீயே அவ்வளவு கட்டுத்திட்டமா இருக்க" என்றார். "பொறந்ததுலேருந்து இதுலயே கெடக்கறவ எனக்கு என்னா கேடுன்னு தோணிச்சி. வெக்கமாப் போச்சிம்மா. மாத்திரய வாங்க ஒன் எதிர்ல வந்து நிக்கவும் கூச்சமா இருந்திச்சி."

வெட்கம் அவருக்கு. நான் கொடுத்த வெட்கம். எழுந்து வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அழுகை வந்துவிடும், அழுதால் அவர் என்னைத் தேற்றுவார், அதுவும் சேர்ந்து என் கணக்கில் ஏறும் என்று பயம்.

பெரிய வெள்ளி வந்தது. காலையில் கறிக்கடைக்குப் போனேன். சாரத்தில் அன்றைக்கும் கறிக்கடை உண்டு, வாங்குகிறவர்களும் உண்டு. சுவரொட்டியைக் கறுப்புக் கவரில் கட்டிக்கொடுத்தார்கள். கறுப்புக் கவர் என்றாலே உள்ளே கறி என்று ஊருக்கே தெரியும். திரும்பும்போது, அன்று அக்கா வாசலில் சிரித்த பெண்களில் ஒருவர் கோயிலுக்குப் போக வெள்ளைச் சேலையில் எதிரே வந்தார். கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பது நாள் ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டதா, அல்லேலூயாக்காரர்களுக்குப் பெரிய வெள்ளிகூடக் கிடையாதா என்று கேட்டார். அக்காவுக்காக என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அக்கா வீட்டு அடுப்பு மறுபடி தெருவுக்கு வந்துவிடும். ஆமாம் என்றேன். நடந்தேன். முதுகில் அவர் பார்வை வீடுவரைக்கும் வந்தது. போன வெள்ளிக்கிழமைகளில் அக்கா இதே தெருவில் இதே கவரோடு இப்படித்தான் நடந்திருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது.

சுவரொட்டியை அனலில் வாட்டித் தோலை உரித்து, நறுக்கி, மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கினேன். தட்டில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கோயிலில் மத்தியான வழிபாட்டுக்கு எல்லாரும் போயிருந்ததால் தெரு வெறிச்சென்று கிடந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சொன்னாலும் சரி, சாமியார் சொன்னாலும் சரி, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம் என்றார்.

"அக்கா, அன்னிக்கி உங்க வாசல்ல நான் பேசுனது தப்பு" என்றேன். "எல்லாம் தெரிஞ்சிகிட்டே பேசுனேன். உங்க எதிர்ல கெட்டிக்காரியா நிக்கணும்னு பேசுனேன். அதனாலதான் நீங்க விழுந்தீங்க. இத நீங்க சாப்புடலன்னா நான் எங்கயும் போயி முட்டி போட முடியாது."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஜெபமாலையைத் தலையணைமேல் வைத்தார். தேற்றவில்லை. அதற்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

"நீயும் ஒண்ணு எடு. ஒன்ன எதிர்ல பட்டினியா உக்கார வச்சிகிட்டு நான் மட்டும் எப்பிடித் திங்கறது" என்றார்.

மறுநாள் ராத்திரிப் பூசையோடு நோன்பு முடிந்துவிடும். நான் ஒரு நாள்கூடத் தவறவில்லை. தபசு காலத்தைக் கடைசிவரை சுத்தமாக முடித்தவள் என்கிற அந்த ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது, அதை விடுவதற்கு அந்த நேரத்திலும் எனக்கு மனசு வரவில்லை. அக்கா தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். வாயில் போடவில்லை. அக்கா என்ன என்பது போலப் பார்த்தார். பிறகு புரிந்தது அவருக்கு. அவரும் ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து வாயில் போட்டோம்.

உப்புக் கரித்தது. வாயில் வைக்கமுடியாத உப்பு. என் நோன்பு கெடக்கூடாது என்று, அன்றைக்கும் நான் ருசி பார்க்காமலேதான் இறக்கியிருந்தேன். அக்கா அதை மென்று விழுங்கிவிட்டு, அடுத்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.